கொடி அல்லாத கொடிப்போர்வை

ஒரு நாட்டின் மானம் அதன் ராணுவத்தில் இல்லை. அரசியல் சட்டத்திலும் இல்லை. இரண்டு துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும்போது விடுகிற கால் அங்குல விளிம்பில் இருக்கிறது. இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்தவர் திரு. வெர்னல் ஸ்டூர். கண்டறிந்த இடம், நெப்ராஸ்கா மாநிலம், வில்லோ ஃபோர்க் ஊர், லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக் கூடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூசணிக் கேக் தட்டு தன் பக்கம் வருவதற்குச் சற்று முன்பாக, அவர் இதை எழுந்து நின்று அறிவித்தார். தட்டு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

வெர்னல் முப்பத்தொரு ஆண்டுகள் தானியக் கிடங்கில் மக்காச்சோளத்தின் ஈரம் அளந்தவர். லாரி வந்து நிற்கும். ஒரு கைப்பிடி சோளத்தைக் கருவியில் போடுவார். ஈரம் பதினைந்தரை சதவீதத்தைத் தாண்டினால், "எடுத்துட்டுப் போ" என்பார். ஓய்வு பெற்ற பிறகு, திருப்பி அனுப்ப லாரி எதுவும் வரவில்லை. மூன்று மாதம் மனைவியின் சமையலைத் திருப்பி அனுப்பிப் பார்த்தார். நான்காம் மாதம் அந்த அம்மாளே கையோடு அழைத்துவந்து அவரைச் செவ்வாய்க்கிழமைத் தையல் சங்கத்தில் சேர்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சங்கத்தில் பதினாறு பெண்கள். அவர்கள் எல்லோருக்கும் தைக்கிற வேலை இருந்ததால், தலைவர் பதவிக்கு வெர்னல் ஒருவரே மிஞ்சினார்.

ஆண்டுதோறும் முன்னாள் படைவீரர் நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி, போருக்குப் போய்வந்த ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடியின் சாயலில் ஒட்டுப்போர்வை தைத்துப் போர்த்துவது சங்கத்தின் வழக்கம். வெர்னல் தலைவரான ஆண்டு, முறை மிலோ குச்சேராவுடையது. எழுபத்தாறு வயது. வியட்நாமில் பதினான்கு மாதம் ராணுவச் சமையல்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தவர். தண்டவாளத்துக்கு அப்பால் தகர வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டின் ஹீட்டர் தனக்குத் தோன்றிய நாளில் எரியும். அதனால் செவ்வாய்தோறும் நிலவறைக்கு வந்து, மேல்கோட்டைக் கழற்றாமல், குழாய் வைத்த பெரிய காபி டிரம்மின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

"உங்களுக்கு எந்தச் சிவப்பு விருப்பம்?" என்று வெர்னல் அவரை அதிகாரபூர்வமாகக் கேட்டார்.

"சூடான சிவப்பு" என்றார் மிலோ.

இந்தப் பதில், 'தொழில்நுட்ப அறிவின்மை' என்ற தலைப்பின் கீழ் கூட்டக் குறிப்பில் ஏறியது.

அக்டோபர் முதல் வாரத்திலேயே சங்கத்து லவான் ஸோபெக் ஒரு போர்வையோடு வந்துவிட்டாள். மாடு வளர்க்கிறவள், அறுபத்தொன்பது வயதிலும் கன்றுக்குட்டியைத் தோளில் தூக்குகிறவள். ஒன்பது நாளில் தைத்திருந்தாள். நட்சத்திரத்துக்குப் பின்னால் வரும் நீலம், முட்டி தேய்ந்த ஜீன்ஸ் கால்சட்டைகள். வெள்ளை, மாவுச்சாக்குத் துணியில் தைத்த பழைய கைத்துண்டுகள். சிவப்பு, அவள் வீட்டு ஆம்பிளைகள் மூன்று தலைமுறையாகப் போட்டுக் கிழித்த சட்டைகள். மாநிலக் கால்பந்து அணியின் சட்டையும் ஒன்று அதில் இருந்தது. நெப்ராஸ்காவில் சிவப்புத் துணி தேடினால் வேறென்ன கிடைக்கும்?

"குளிர் வந்துடுச்சு. இதையே மிலோவுக்குக் குடுத்துடலாமா?" என்றாள்.

வெர்னல் அளவுகோலை எடுத்தார்.

"இந்த விளிம்பு கால் அங்குலம் இல்ல. அந்த விளிம்பு கால் அங்குலத்துக்கு மேல. எதை வச்சு அளந்தே?"

"கண்ணை வச்சு."

"நிறம் எப்படிச் சேர்த்தே?"

"துணியைத் தரையில பரப்பிட்டு, கண்ணாடியைக் கழட்டிட்டு, பத்தடி தள்ளி நின்னு கண்ணை இடுக்கிப் பார்த்தேன். எது துருத்திக்கிட்டுத் தெரியுதோ அதைத் தூக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பாங்க, வெர்னல்."

"கண்ணாடியைக் கழட்டிட்டா?" வெர்னல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "அம்மணிகளே, கண்ணு தெரியாம நிறம் பார்க்கிறது எந்த நாட்டு அறிவியல்? அதுவும் அடுத்தவன் வேர்வை பட்ட சட்டை! மைதானத்துல கத்துற சட்டையை தேசத்து மேல ஒட்டுறதா? இது கொடிப்போர்வை இல்ல லவான். மாட்டுக்கொட்டகைக்குப் படுதா."

"புதுத்துணி சாயம் விடும், தலைவரே. வாங்கினதும் ஒரு தரம் துவைக்கணும். இந்தச் சட்டைங்க இருபது வருஷம் துவைச்சது. விட வேண்டியதையெல்லாம் விட்டாச்சு. இனிமே யாரையும் ஏமாத்தாது."

"வாங்கின துணியைத் துவைச்சுப் பார்க்கிறதுன்னா அதை நம்பலைன்னு அர்த்தம். நம்பிக்கை இல்லாம கொடி தைக்கிறவங்க கூட நான் வேலை செய்யறதில்ல. எடுத்துட்டுப் போ."

லவான் எடுத்துப் போகவில்லை; மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரமாகிவிட்டதால் போட்டுவிட்டுப் போனாள். செயலாளர் ஆர்டிஸ் சிக்கனமானவள். காபி சீக்கிரம் ஆறிவிடுகிறது என்ற புகார் வெகுநாளாக நிலுவையில் இருந்தது. 'தகுதியற்றது' என முத்திரை குத்தப்பட்ட போர்வையை எடுத்து, காபி டிரம்முக்கு இரண்டு சுற்றாகச் சுற்றி, குழாய் மட்டும் வெளியே தெரியும்படி பின் குத்திவிட்டாள்.

மிலோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காபிக்குக் குடுத்து வச்சிருக்கு" என்றார்.

பிறகு தொடங்கியது 'நிற இணைப்பு உயர்மட்டக் குழு'வின் வரலாற்றுப் பணி. முதல் சிக்கல் சட்டச் சிக்கல். கொடியைப் படுக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கொடிச் சட்டம் சொல்கிறது. ஆகவே போர்வை கொடி மாதிரியே இருக்க வேண்டும். ஆனால் கொடியாக இருக்கக் கூடாது. எவ்வளவு இருந்தால் இல்லை, எவ்வளவு இல்லாவிட்டால் இருக்கிறது என்பதை நிர்ணயிக்க ஒரு குளிர்காலம் ஆயிற்று; அந்த நவம்பர் பதினொன்று போர்வை இல்லாமலே போனது.

"மாநிலத்துக்கு ஒண்ணா ஐம்பது நட்சத்திரம் வச்சா அது கொடி" என்றார் வெர்னல். "நாற்பத்தொன்பது வச்சா சட்டம் தொடாது. எந்த மாநிலத்தை எடுக்கலாம்?"

"ஐயோவா" என்றார்கள் பதினைந்து பேர், ஒரே மூச்சில். பக்கத்து மாநிலம். கால்பந்தில் போன முறை ஜெயித்தவர்கள் வேறு.

"என் மருமக ஐயோவாக்காரி" என்றாள் ஆர்டிஸ்.

குழு சங்கடப்பட்டது.

"அப்ப ரெண்டு தரம் எடுத்துடுங்க" என்றாள் ஆர்டிஸ்.

நாற்பத்தெட்டு என்று தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த நவம்பரும் அதற்குப் பிந்தைய குளிர்காலமும் சிவப்புக்குப் போயின. களஞ்சியச் சிவப்பு, செர்ரிச் சிவப்பு, செங்கல் சிவப்பு எனப் பதினான்கு சிவப்பு, ஒன்பது வெள்ளை, பதினொரு நீலம். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் சேர்த்து வெர்னல் அட்டவணை போட்டார். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு இணைப்புகள். செர்ரி 'அற்பச் சந்தோஷம்' என்று தள்ளப்பட்டது. செங்கல், 'போருக்குப் போகத் தயங்கும் நிறம்'. தந்த வெள்ளை, 'வெள்ளை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படும் வெள்ளை'. சுவரில் ஒட்டிய துணிகளை யாராவது கண்ணை இடுக்கிப் பார்த்தால் வெர்னல் மேஜையைத் தட்டுவார்.

அந்த இரண்டு குளிர்காலமும் மிலோ காபி டிரம்மின் பக்கத்தில்தான் இருந்தார். இரண்டாம் குளிர்காலத்தில் கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டு போட்டிருந்தார். ஜனவரியில் மூன்று வாரம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்ததாகச் சொன்னார்கள், நெஞ்சுச்சளி என்று. குழு அவருக்கு 'விரைந்து குணமடைக' அட்டை அனுப்பியது. எந்த நீல மையில் கையெழுத்திடுவது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு எதுவும் எழவில்லை. இரண்டே நாளில் முடிந்தது.

கடைசியில் களஞ்சியச் சிவப்பு, ஐந்தாம் எண் வெள்ளை, நள்ளிரவு நீலம் வென்றன. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம்வரை தைத்தார்கள். நாற்பத்தெட்டு நட்சத்திரம், கொடியின் பதின்மூன்றுக்குப் பதில் பதினொரு பட்டை, விளிம்பெல்லாம் கால் அங்குலம். வெர்னல் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் அளந்தார். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. லவான்கூட, "சரிதான், மாட்டுக்குப் போட முடியாது இதை" என்று ஒத்துக்கொண்டாள்.

தைத்து முடித்ததும் சாக்குக்கட்டிக் கோடு போக ஒரு முறை துவைத்துத்தான் கொடுப்பார்கள். அந்தப் பொறுப்பை வெர்னல் யாரிடமும் விடவில்லை. விழாவுக்கு முந்தின நாள் தன் வீட்டு மெஷினில் போட்டார். நாட்டுக்கு மரியாதையாக, வெந்நீரில்.

நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. பதினொன்றுக்கு விழா. வெர்னல் ஒரு கறுப்புப் பையோடு படியிறங்கி வந்தார்.

"சிறிய அளவில் ஒரு 'நிற ஒருங்கிணைப்பு' ஏற்பட்டிருக்கு" என்றார்.

ஆர்டிஸ் பையைத் திறந்தாள். களஞ்சியச் சிவப்பு தன் எல்லையோடு நிற்காமல் அண்டை வெள்ளையிலெல்லாம் புகுந்து குடியேறியிருந்தது. நாற்பத்தெட்டு நட்சத்திரமும் குழந்தைக் கன்னம்போல ரோஸ் நிறம்; அந்த ஊரில் பெண்குழந்தைக்கு வாங்குகிற நிறம்.

"பிறந்தது பொண்ணா?" என்றாள் லவான்.

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் சிரித்தார்கள். வெர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விழாவைத் தள்ளி வச்சிடலாம். மறுஆய்வுக் குழு அமைப்போம். அடுத்த நவம்பர்ல..."

"அடுத்த நவம்பரா?" என்றார் மிலோ, தன் நாற்காலியிலிருந்து. "எனக்கு ஆட்சேபணை இல்லப்பா வெர்னல். ஆனா அதுக்கு நானும் இருக்கணும்ல? அதையும் உன் அட்டவணையில ஒரு கட்டத்துல போட்டுக்க."

சமாதானம் சொல்வதற்காக வெர்னல் போய் மிலோவின் கையைப் பிடித்தார். முப்பத்தொரு ஆண்டு சோளத்தைக் கையில் அள்ளிய அள்ளலில், அவர் கைக்குச் சில விஷயம் கருவி இல்லாமலே தெரியும். ஜனவரிப் பனியில் லாரிக் குவியலின் அடியிலிருந்து எடுத்த சோளம் மாதிரி சில்லிட்டிருந்தது அந்தக் கை. விட்டுவிட்டு நிமிர்ந்தபோது, தடுமாறாமல் இருக்கப் பக்கத்தில் எதையோ பிடித்தார். அது காபி டிரம். போர்வைக்கு மேலாகவே கதகதவென்று இருந்தது.

வெர்னல் படியேறிப் போனார்.

"கோவிச்சுக்கிட்டான்" என்றாள் ஆர்டிஸ்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். யாரையும் பார்க்காமல் காபி டிரம்மிலிருந்து பின்களைக் கழற்றி, போர்வையை உருவி எடுத்துக்கொண்டு ஞாயிறு வகுப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லவான் சற்றுப் பொறுத்துக் கதவைத் திறந்தாள். சின்னப் பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில், முழங்கால் மோவாயைத் தொட, வெர்னல் உட்கார்ந்திருந்தார். மடியில் போர்வை. டிரம்மின் அடிச்சூடு பட்டுச் சிவப்புப் பட்டையில் ஓரிடம் தீய்ந்து ஓட்டையாகியிருந்தது. அதன் மேல் ஒரு சிவப்புத் துண்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், ஒரு கை வெட்டப்பட்ட கால்பந்துச் சட்டை கிடந்தது. வெர்னல் முப்பது வருஷமாக ஆட்டத்து நாளில் மட்டும் போடுகிற சட்டை. அவர் மனைவிக்குக்கூடத் தொட அனுமதியில்லாதது.

லவான் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"துவைச்சியா?"

"கையாலயே, ரெண்டு தரம்."

"விளிம்பு?"

"கால் அங்குலம்... இருக்கும்."

"அளந்தியா?"

வெர்னல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அளவுகோல் வீட்டுலயே இருக்கு."

பதினொரு மணிக்கு விழா நடந்தது. வெர்னல் தயாரித்திருந்த நான்கு பக்க உரை பையை விட்டு வெளியே வரவில்லை. போர்வையை விரித்து மிலோவின் தோளில் போட்டு, முன்பக்கம் இழுத்துவிட்டார். மிலோ அதன் ஓரத்தை முகர்ந்தார்.

"காபி வாசம்."

"துவைச்சுத் தரவா?"

"வேணாம் வேணாம். இன்னும் சூடு இருக்கு." மிலோ ஓரங்களை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, பக்கத்தில் வெறும் தகரமாக நின்ற டிரம்மைத் திரும்பிப் பார்த்தார். உண்மையான கவலையோடுதான் கேட்டார்.

"அப்ப காபி ஆறிடுமே, வெர்னல்? ரெண்டு வருஷமா அதுக்கு ஒரு குறையும் வைக்காம பார்த்துக்கிட்டீங்களே எல்லாரும்."

கூடத்தில் பதினாறு பேரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். வெர்னல் மேஜைமேல் கிடந்த ரோஸ் போர்வையை எடுத்து டிரம்மைச் சுற்றிக் கட்டினார். இரண்டு போர்வைக்கும் எதிரே பத்தடி தள்ளிப் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிலோவின் பக்கம் திரும்பி, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.