தாய்ச்சி பழகப்போய் சாமி ஆனவன்

பயந்தாங்கொள்ளிக்கு வைத்தியம் பார்ப்பதுபோல் லேசான வேலை கிடையாது. எதைச் சொன்னாலும் செய்வான். நான் அப்படித்தான் இருந்தேன் (இப்போதும் அப்படித்தான், வயதாகிவிட்டதால் அதை நிதானம் என்கிறார்கள்).

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம். மலாக்காவில் அரசாங்கக் கிராணி வேலை, குமாஸ்தாதான். அது நிரந்தரமாக டாக்டர் கையெழுத்து வேண்டும். அவர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, முப்பது வயதில் இவ்வளவு இரத்தக் கொதிப்பா என்று கேட்டார். ஆறு வாரத் தவணை கொடுத்தார். இறங்காவிட்டால் வேலை போய்விடும். என் மனைவி செல்லம் அப்போது ஐந்து மாதம்.

காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஆ செங், செத்தவர்களுக்காக எரிக்கும் காகித வீடுகளும் காகித ஆட்களும் செய்பவர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அவருக்கும் கொதிப்பு இருந்து, தாய்ச்சி என்ற சீனத்து மெதுவான உடற்பயிற்சி பழகி இறங்கியதாம். விடியுமுன் தன் கொட்டகை முன்னால் எனக்குப் பழக்கினார். காகித ஆட்கள் உள்ளே வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பனியில் எது ஆ செங், எது காகிதம் என்று தெரியாது. அசைவது ஆ செங் என்று வைத்துக்கொள்வேன். சில நாள் காற்றும் அடித்துத் தொலைக்கும்.

ஒரே ஒரு கட்டளைதான். "ஜாங்கான் சாக்காப்," என்பார். பேசாதே. நடுவில் பேசினாலோ நிறுத்தினாலோ மூச்சு தலைக்கேறிவிடும் என்று உச்சந்தலையைத் தொட்டுக் காட்டுவார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தவணை முடியும் வியாழக்கிழமை வந்தது. பத்து மணிக்கு டாக்டர். தெங்கேராவில் ஒரு சாவு என்று ஆ செங் போய்விட்டதால், எங்கள் வீட்டு முற்றத்திலேயே தனியாக ஆரம்பித்தேன். ஆடி மாதம். வெற்று மார்பு, வேட்டி, நெற்றி நிறைய விபூதி. முதல் நாள்தான் மாமியார் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். தாய்ச்சி விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. தோட்டத்துக் கோயிலில் யாருக்குச் சாமி வந்தாலும் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பவர் அவர்தான்.

பந்தைப் பிடித்திருப்பதுபோல் கைகளை வைத்து, கண்ணைப் பாதி மூடி மெல்லத் திரும்பினேன். வாசலில் அத்தை நின்றார். "மாப்பிள்ளை" என்றார். நான் பதில் சொல்லாமல் அவரைத் தாண்டித் திரும்பினேன். உள்ளே போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது. அடுத்த சுற்றில் திரும்பியபோது, வேப்பிலை செருகிய மஞ்சள் தண்ணீர்ச் செம்பை என் இரண்டு கைக்கும் நடுவே கச்சிதமாக வைத்தார்.

இது உடற்பயிற்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து மணிக்குப் பட்டை சுற்றுவார்களே. செம்போடு திரும்பினேன்.

அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அத்தை ஏற்றிய கற்பூரச் சுடர் ஆடும்போது மட்டும் பனிக்குள் முகங்கள் தெரிந்தன. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சற்றுப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடரி ஜில்லென்றது. திரும்பிப் பார்க்கலாமென்றால், திரும்பும் முறை இன்னும் வரவில்லை.

எதிர்வீட்டுப் பச்சையம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார். வேலை தேடிச் சிங்கப்பூர் போன அவர் புருஷனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

"என் வீட்டுக்காரரு வருவாரா, சாமி?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண் அழுதுகொண்டு கேட்கிறாள். நான் என் உத்தியோகத்தை நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எதற்குக் கும்பிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

பத்து மணிக்கு டாக்டர் இரண்டு தடவை காற்றடித்துப் பார்த்தார். கொதிப்பு இறங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம் எல்லா உண்மையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சனிக்கிழமை வருவான்னு பச்சையம்மாகிட்ட சொன்னீங்களே?" என்றார்.

நான் வாயே திறக்கவில்லை என்றேன். செல்லம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நானுந்தான் கேட்டேன். ஒங்க குரல் மாதிரி இல்லைங்க," என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் பச்சையம்மாவின் புருஷன் பச்சைக் குடையோடு மூன்று சக்கரத் திரிஷா வண்டியிலிருந்து இறங்கினார். நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் காகிதத்தை அத்தை முன்னால் விரித்து வழக்காடினேன். நடுவில் பேசியிருந்தால் கொதிப்பு ஏறியிருக்க வேண்டும்; இறங்கியிருக்கிறது; ஆகவே நான் பேசவில்லை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"நீங்க பேசலதான், மாப்பிள்ளை. பேசுனது நீங்கன்னு யாரு சொன்னா?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது "நான் அப்படிச் சொல்லல" என்று மழுப்பினால், பேரப்பிள்ளைகள்வரை இந்த வாக்கியத்தைச் சொல்லி உருண்டு புரண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தாய்ச்சியை மட்டும் விடவில்லை. கதவைச் சாத்தி, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் செய்கிறேன்.