கனடா மாப்பிள்ளை

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். சொன்னவன் யாரோ, அவன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். நான் பாலைக்கூடக் குடிக்கவில்லை, மோந்துதான் பார்த்தேன். அந்தக் கோபம் இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த புதிது. சூரமங்கலத்தில் எங்களுக்கு நெய்க்கடை. நெய்யை நக்கிப் பார்ப்பவன் அரைகுறை வியாபாரி. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்தால் பசுவா, எருமையா, கடலை எண்ணெய் கலந்ததா என்று தெரிந்துவிடும். அதில் நான் கெட்டிக்காரன். (மாட்டின் பெயரையே சொல்வேன் என்று சந்தையில் பீற்றிக்கொண்டதும் உண்டு. என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.)

அன்று மத்தியானம் சங்ககிரியிலிருந்து பெண் வீட்டார் வருவதாக ஏற்பாடு. பெண் பாவாயி. திருச்செங்கோட்டுத் தேரில் பார்த்த நாள் முதல் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் அப்பாவைச் சம்மதிக்க வைக்க எங்கள் அய்யன் இரண்டு வருஷம் நடையாய் நடந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார். அந்த மனிதரோ ஊரில் மதுவிலக்குக்காகத் தமுக்கடித்துப் பேசுகிறவர்!

காலையில் வந்து சேர்ந்தான் பாவி அந்தோணி, ரயில்வே துரை பங்களாவின் சமையல்காரன்.

"தம்பி, தொரைகிட்ட பன்னண்டு சீசா இருக்குது. பர்மிட்டுச் சரக்கு. எட்டுல ஒட்டியிருந்த சீட்டைக் கரையான் தின்னுபோட்டுது. எது எதுன்னு தெரியாம மனுசன் தலையில கை வெச்சு உக்காந்திருக்காரு. உன் மூக்கைப் பத்திச் சொன்னேன்."

"இன்னைக்கு முடியாதுங்க. ஊட்டுக்கு ஒரம்பரை வாராங்க."

"அதுவும் சரிதான். நெய்யி வேற, இது வேற. உன்னால ஆவாது."

ஆவாதாம்! வேலியில் போன ஓணானைப் பிடித்து நானே வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

பங்களாவில் சீட்டுள்ள நான்கு சீசாக்களைத் துரை முன்னால் வைத்தார். ஒன்று கனடா விஸ்கி. மற்ற மூன்றும் ரம்: ஜமைக்கா, பார்படோஸ், டெமராரா. "நாக்குல வெக்கமாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுப் புறங்கையை நீட்டினேன். கனடா புறங்கையில்: கம்பு வறுத்த வாசனை, பின்னால் புது மரப்பெட்டி. ஜமைக்கா மணிக்கட்டில்: கனிந்து அழுகப்போகும் பூவன் பழம். பார்படோஸ் முன்கையில்: தேங்காய் மிட்டாய். டெமராரா முழங்கையில்: அடிப்பிடித்த வெல்லப்பாகு. பொய் சொல்வானேன், கரும்பாலையே கண்முன் வந்து நின்றது. உலகத்தில் இத்தனை வாசனை இருக்கிறதே என்று மூக்கு சொக்கிப்போயிற்று. எட்டு சீசாவையும் இரண்டு கைகளிலும் வரிசையாகத் தேய்த்து இனம் பிரித்தேன். துரை ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "குட்! குட்!" என்று முதுகில் தட்டினார். கூலியாக ஒரு காலி பிஸ்கட் டப்பா கொடுத்தார். காலி டப்பா! இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தேன், மடையன்.

வீட்டில் பந்தி உட்கார்ந்தாயிற்று. கிணற்றடிக்குப் போகப் பார்த்தவனை அய்யன் மடக்கினார். "எங்கடா போயித் தொலைஞ்சே? எலை போட்டாச்சு. மாமனுக்கு உன் கையால நெய்யி ஊத்து."

வாளியைக் கொண்டுபோய்க் குனிந்தேன். என் கை அவர் மூக்குக்கு நேராகப் போயிற்று. பருப்பைப் பிசைய இலைக்கு மேல் வந்த அவர் கை அந்தரத்தில் நின்றது.

"மாப்ளே, எங்கே ஊதுங்க பாக்கலாம்."

ஊதினேன். காலையில் குடித்த கம்பங்கூழும் கடித்த வெங்காயமும் தவிர வேறு வாசனை இல்லை. அவர் மெல்ல என் கையைப் பிடித்து, விரலிலிருந்து முழங்கை வரைக்கும் மோந்துகொண்டே போனார்.

"குடிக்கறவனைப் பாத்திருக்கறேன். சாராயத்துல குளிக்கறவனை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அப்போதாவது நான் காலில் விழுந்திருக்கலாம். நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்தோணியைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்திருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்த மூக்கு சும்மா இருக்குமா? சரக்கின் பெயரைத் தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"சாராயம் இல்லீங்க மாமா. புறங்கையில இருக்கறது கனடா விஸ்கிங்க. முழங்கையிலதான் ரம்மு."

அவர் எழுந்துவிட்டார். கூட வந்த பதினோரு பேரும் எழுந்தார்கள். பன்னிரண்டு இலையில் சோறு அப்படியே கிடந்தது. வாசல் வரைக்கும் ஓடி, "மோந்துதான் பாத்தேனுங்க!" என்று கத்தினேன். தெருவே சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

பாவாயியைத் திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மாப்பிள்ளை வாரம் தவறாமல் ரயிலேறி ஜில்லா எல்லை தாண்டி ஈரோட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவானாம். ஏலக்காய் மென்றுகொண்டு மாமனாருக்குக் கும்பிடு போடுவானாம்! கேட்ட அன்றைக்கு அந்தப் பிஸ்கட் டப்பாவைக் கிணற்றில் வீசினேன்.

எனக்கு ஆத்தூர்ப் பக்கம் பெண் எடுத்தார்கள். இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் நெய் வாளியைத் தொடக்கூடாது. தொட்டால் ஒருத்தன் குரல் கொடுப்பான்: "கனடா மாமன் வாராருங்கோ! எலையெல்லாம் எந்திரிச்சு ஓடிப்போயிரும்!" கனடா எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது.

எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவள் என் மனைவிதான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது பொறுக்காமல், "என் மானம் போனது உனக்குச் சிரிப்பா?" என்று சீறினேன்.

"அன்னைக்கு அவரு கை நனைச்சிருந்தா எனக்கு நீங்க கெடைச்சிருப்பீங்களா?" என்றாள்.

கோபத்தில் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டேன். நெய்யை அவள்தான் ஊற்றினாள்.