ஆவு சார் போனாரா, போயிருக்கிறாரா?

சித்தூர் ஜில்லாவில் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன இங்கிலீஷுக்குக் கடைசிக் காவல்காரர் ஆவு சார்தான். அந்த வெள்ளைக்காரனே திரும்பி வந்திருந்தாலும், அவரிடம் இலக்கணத்தில் பாஸ் செய்யாமல் எங்கள் ஆபீஸ் வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

அவர் எங்கள் ஹெட் கிளார்க். சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் காதில் விழும். யார் எதை எழுதிக்கொண்டு போனாலும், “இங்க ஹேவ் வரணும்” என்பார். இல்லாவிட்டால், “இங்க ஹேவ் வரக்கூடாது” என்பார். பியூன் வாயில் ஹேவ் நுழையவில்லை, ஆவு ஆகிவிட்டது. தெலுங்கில் ஆவு என்றால் பசு. சாருக்கு அதில் வருத்தமே இல்லை. பசு கண்ட இடத்தில் சாணி போடும், நான் கண்ட இடத்தில் ஹேவ் போடமாட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட்டார்.

டைப்பிஸ்ட் கோவிந்தராஜுலுவின் மாமியார் புத்தூரில் செத்துப் போனாள். தகவல் மறுநாள் காலையில் வந்தது. மனிதர் அலறியடித்துக்கொண்டு, என் மாமியார் ‘ஹேஸ் டைடு எஸ்டர்டே’ என்று லீவு எழுதிக் கொண்டுபோனார். ஆவு சார் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நேத்துன்னு சொல்லிட்டா வெறும் டைடு. ஹேஸ் டைடுன்னா நேத்து வரக்கூடாது. ரெண்டும் ஒரே வரியில குந்தாது நைனா.”

எதை எடுப்பது என்று கோவிந்தராஜுலு கண்ணீரோடு கேட்டார்.

“உன் மாமியார். உன் இஷ்டம்.”

அவர் யோசித்து, அடித்து, மறுபடி எழுதி, கையெழுத்து வாங்கிப் புத்தூர் போய்ச் சேர்ந்தபோது, சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டு ஈரத்துணியோடு திரும்பிக்கொண்டிருந்தார்களாம். பெண்டாட்டி வெகுநாள் அவரோடு பேசவில்லை. ஆவு சார் தனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்று கோவிந்தராஜுலு பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று. அந்தப் பாழாய்ப்போன ஹேவை அவரைப்போல விளக்கிச் சொல்ல ஆளில்லை. ஒருநாள் நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். கோவிந்தராஜுலு அப்போதுதான் திருப்பதி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சார் அவரைத் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினார்.

“பாரு. இவன் மொட்டை போட்டான். மொட்டை இன்னும் பளபளன்னு கீதில்ல? அதுவரைக்கும் ஹேவ். முடி வளந்துட்டா வெறும் பாஸ்ட்.”

அதன்பிறகு எந்தக் கடிதம் எழுதினாலும் நாங்கள் முதலில் டைப்பிஸ்ட் தலையைத்தான் பார்த்தோம். அவர் வெயிலுக்குத் துண்டு போட்டுக்கொண்டு வந்தால் ஆபீஸ் வேலை நின்றுவிடும். தலையில் முடி முளைத்ததும் அவர் மெல்ல மெல்ல இறந்தகாலம் ஆனார்.

அந்தச் சமயத்தில்தான் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. திருத்தணியைச் சொந்த ஊராகக் கொண்ட சிப்பந்திகள் இருப்பதா, போவதா என்று விசாரித்து முடிவு செய்ய ஓர் ஆபீசர் வந்தார். ஆவு சாருக்குப் பூர்வீகம் திருத்தணி. எங்கள் ஆபீஸுக்குத் தீபாவளி வந்துவிட்டது. சார் தொலைந்தால் தேங்காய் உடைப்பதாகக் கோவிந்தராஜுலு காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டார்.

அவருக்கோ போக மனமில்லை. உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் வராந்தாவில் என்னிடம் சொன்னார்:

“திருத்தணில எனக்கு யாரு கீறாங்க? என் மனுசங்க எல்லாம் இங்கதான்.”

எங்களைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன். ஆபீசர் நல்ல மூடில்தான் இருந்தார். சித்தூரில் எவ்வளவு காலம் ‘டிட் யூ லிவ்’ என்று இங்கிலீஷில் கேட்டார். வருஷத்தைச் சொல்லியிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். சார் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததுமே நான் ஃபைல்களைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தேன்.

“டிட் யூ இல்லிங்க சார். ஹேவ் யூ. டிட்டுன்னா நான் ஊரை விட்டுப் போயிட்டதா அர்த்தம்.”

ஆபீசர் பேனாவை மூடினார். போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னார்.

அந்த வாரமே ஆர்டர் வந்துவிட்டது. கோவிந்தராஜுலு காணிப்பாக்கம் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தார். தேங்காய் எங்கே என்று கேட்டோம். அத்தனையும் அழுகல் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ் ஏற்றிவிட ஆபீஸே போயிற்று. சார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “சித்தூர்லயா இருந்தீங்க?” என்று பேச்சுக் கொடுத்தார்.

“இருந்தேன்” என்றார் சார். உடனே தலையை ஆட்டிவிட்டு, “இருந்திருக்கேன்” என்றார். அதுவும் சரியாகப் படவில்லைபோல. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

“இங்கதான் கீறேன்” என்றார்.

பஸ் கிளம்பிவிட்டது. அது தப்பு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் திருத்தவில்லை.