மச்சானின் கல்லீரலும் என் துப்பறிதலும்

என் மச்சான் சின்னத்துரை ஒரு சொட்டு மதுவைக்கூடத் தொட்டதில்லை. அவனைக் குடிகாரன் என்று கிளப்பிவிட்டவன் நான்தான். (பள்ளிக்கூடத்தில் நான் நடத்தியது விஞ்ஞானம். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.)

என்னிடம் சாட்சியங்கள் இருந்தன. வரிச்சிக்குடியில் விடியற்காலையிலேயே வயலுக்குப் போகிறவன், திடீரென்று பத்து மணிவரை படுத்துக் கிடந்தான். முகம் உப்பியிருந்தது. பேச்சு இழுத்தது. ஒரு காதுகுத்துப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே உட்கார்ந்தபடியே தூங்கினான். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு! பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற காரைக்காலில், கல்லீரல் என்றால் வேறென்ன தோன்றும்? தெரிந்த ஒன்பது வீடுகளில் சொல்லியும்விட்டேன்.

அவன் மகளுக்கு நெடுங்காட்டில் சம்பந்தம் பேசியிருந்த நேரம். என் நேர்மை சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பின்னாடி என்னைக் குறை சொல்லக்கூடாது பாருங்க. பொண்ணோட அப்பா கொஞ்சம்... சாயங்காலமானா..."

"அப்படிங்களா சார்? யோசிச்சு சொல்றோங்க."

அடுத்த நாளே என் மனைவி சரோஜா அழுதாள். "நல்ல எடங்க. ஏன்தான் பின்வாங்குறாங்களோ!" நான் விட்டத்தைப் பார்த்தேன்.

ஆதாரம் கிடைத்தால் மனசாட்சி அடங்கும் என்று, மறுநாள் சின்னத்துரை காரைக்கால் வந்தபோது ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். கடைத்தெருவில் ஆளைக் காணோம். ஒவ்வொரு மதுக்கடையாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். நான்காவது கடையில், எனக்கு முன்பே ஒரு தலை உள்ளே நீண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா! அவரும் துப்பறியத்தான் வந்திருந்தார்.

"சார், நீங்களா?"

"நீங்களா?"

எதிர்ப்புற ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து, முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி சின்னத்துரை இறங்கி வந்தான். எங்களையும் பார்த்தான். கடையையும் பார்த்தான்.

"அத்தான்... ரெண்டு பேரும்... சேந்தா வந்தீங்க?"

அங்கேயே, நடுத்தெருவில், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவன் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

ரிப்போர்ட் வந்ததும் சின்னத்துரையோடு அந்தச் சம்பந்தியையும் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"இவருக்குத் தைராய்டு ரொம்பக் கம்மியா சுரக்குது. அதான் முக வீக்கம், தூக்கம், இழுக்கிற பேச்சு. கல்லீரல்ல கொழுப்பு சேரவும் அது ஒரு காரணமா இருக்கலாம். குடிச்சாத்தான் வரும்னு யாருங்க சொன்னது?" என்றார் டாக்டர். சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த கல்லீரல் படத்தைப் பார்த்தேன்.

கல்யாணம் நிச்சயமானது. நான் வதந்தி பரப்பிய ஒன்பது வீடுகளுக்கும் போய்க் கழுத்தைத் தொட்டுக் காட்டித் தைராய்டுப் பாடம் நடத்தினேன். ஒன்பது வீட்டிலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும் சார், உங்களைக் கடை வாசல்ல பாத்தாங்களாமே?" என்றார்கள்.

முகூர்த்தத்தன்று சின்னத்துரையின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கத்தான், எனக்காவது மாத்திரை இருக்கு. உங்க வியாதிக்கு எங்க போறது?" என்று சிரித்தான்.

இன்றும் ஏதாவது விசேஷத்தில் நான் யாரையாவது இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தால் போதும். சரோஜா பேசாமல் கையை நீட்டி, என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள்.