ஆதிநாராயணன் கழற்றி மாட்டிய கார்

நம் ஊர்களில் ஓர் இனம் பெருகிக்கொண்டே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நடந்தால் நீங்களே பார்க்கலாம். கைலியை மடித்துக் கட்டி, காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, பாதி உடம்பை எஞ்சினுக்குள் விட்டிருப்பார்கள். பக்கத்தில் சாய்த்து வைத்த செல்போனில் யாரோ ஒருவர் எதையோ கழற்றிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார். காசை மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பாடு என்று நினைத்துவிடாதீர்கள். தனக்குத் தெரியாத ஒன்று ஒரு மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கிறது என்பதை இந்த இனத்தாரால் பொறுத்துக்கொள்ள முடியாது. அவ்வளவுதான்.

விருத்தாசலத்தில் இதற்கு மாதிரி காட்ட வேண்டுமென்றால் ஆதிநாராயணனைக் காட்டலாம். செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் சூளைக்குப் பொறுப்பாளர். ஆயிரத்து இருநூறு டிகிரியில் பொம்மைகளைச் சுட்டு எடுப்பவர். கார் எஞ்சின் எத்தனை டிகிரி? தொண்ணூறு. அவர் கணக்கில் அது வெந்நீர்.

போன ஞாயிற்றுக்கிழமை காரின் சூடு காட்டும் முள் வழக்கத்தைவிட ஒரு நூல் மேலே நின்றதாக அவருக்குப் பட்டது. மனைவி செல்வநாயகிக்குப் படவில்லை. இருந்தாலும் மூன்று வீடியோ பார்த்தார். எஞ்சினுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு மூடுகிற தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வுதான் குற்றவாளி என்று முடிவு செய்தார். புதிதாக ஒன்றை வாங்கி வந்தார், பழையதைக் கழற்றினார், புதியதை மாட்டினார், மேலே சாம்பல் நிறப் பேஸ்ட்டைத் தாராளமாக அப்பினார், கையைத் துடைத்துக்கொண்டு தெருவை ஒருமுறை பார்த்தார். பார்த்தவர் யாருமில்லை.

திங்கட்கிழமை காலை காருக்கு அடியில் பச்சைத் தண்ணீர் ஒரு தட்டு அகலத்துக்குத் தேங்கிக் கிடந்தது. எஞ்சினைக் குளிர வைக்கும் கூலண்ட்.

இங்கேதான் இந்த இனத்தின் உண்மையான குணம் வெளிப்படும். ஆதிநாராயணன் பதறவில்லை. விசாரணையைத் தொடங்கினார். முதலில் அது ஏசி தண்ணீர் என்றார். ஏசி தண்ணீர் பச்சையாக இருக்குமா என்று செல்வநாயகி கேட்டதும் ரேடியேட்டர் மூடிமேல் சந்தேகம் திரும்பியது. புது மூடி வந்தது. செவ்வாய்க்கிழமையும் ஒழுகியது. கீழே போகிற ரப்பர் குழாயை, அதாவது கீழ் ஓஸை, சந்தேகித்தார். புது கிளாம்ப் போட்டு இறுக்கினார். புதன்கிழமையும் ஒழுகியது. வேப்பூர் ரோட்டில் லாரி ஒன்று தெறித்துவிட்ட கல் ரேடியேட்டரைத் துளைத்திருக்க வேண்டும் என்றார். துளை எங்கே? கண்ணுக்குத் தெரியாத துளை. காருக்கு அடியில் தினமும் செய்தித்தாள் விரித்து, நனைந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, சூளைப் பதிவேட்டைப் போலத் தேதி போட்டு அடுக்கி வைத்தார்.

செல்வநாயகி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். சுவரில் கிறுக்கியது எந்தப் பிள்ளை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். வியாழக்கிழமை சாயந்திரம் கேட்டார்.

“ஏங்க, ஞாயித்துக்கெழம எதக் கழட்டுனீங்க?”

“தெர்மோஸ்டாட்ட.”

“அந்த எடத்தப் பாத்தீங்களா?”

“அத எதுக்குப் பாக்கணும்? அத நாந்தான மாட்டுனன்.”

இதற்கு மேல் ஒருவரிடம் என்ன பேச முடியும்?

“அப்ப நாளைக்கி பஸ்ஸுல போயிடலாம்.”

“வூட்டுல காரு நிக்கிறப்ப பஸ்ஸா?”

நாளைக்குப் போக வேண்டியது பெண்ணாடத்துக்கு. செல்வநாயகியின் தங்கை தமிழினிக்கு வளைகாப்பு. கல்யாணமாகி ஏழு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, பேசியவர்கள் வாயெல்லாம் பொறுத்து, இப்போதுதான் ஏழு மாதம். அம்மா உயிரோடு இல்லை. அம்மா இடத்தில் நின்று முதல் வளையலைப் போட வேண்டியவர் அக்கா. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும். அதற்குள் போட்டாக வேண்டும்.

ரேடியேட்டரை நிரப்பிக்கொண்டு காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினார்கள். டிக்கியில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று ஐந்து தூக்கு. செல்வநாயகியின் மடியில் கண்ணாடி வளையல் பெட்டி. கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் கார் ஊர்ந்தது. முள் ஏறத் தொடங்கியது.

ஆதிநாராயணனுக்கு அதற்கும் ஒரு வீடியோ தெரியும். ஏசியை நிறுத்தி ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் சூடு உள்ளே இழுபட்டுக் குறையுமாம். போட்டார். பட்டுப்புடவையில், மூடிய வளையல் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தை மாத வெயிலில், ஹீட்டர் காற்று முகத்தில் அடிக்க செல்வநாயகி உட்கார்ந்திருந்தார். குங்குமம் மூக்குவரை இறங்கியது. பெண்ணாடத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் என்ற கல்லுக்குப் பக்கத்தில் பானெட்டிலிருந்து ஆவி எழுந்தது. மணி ஒன்பதே கால்.

“அரை மணி நேரம் ஆற விடணும்,” என்று ஆதிநாராயணன் இறங்கி, துண்டைக் கையில் சுற்றி பானெட்டைத் தூக்கினார். பிறகு சாலை ஓரத்தில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தார். “கீழ் ஓஸுதான். நான் அன்னைக்கே சொன்னன்.”

செல்வநாயகி மேலிருந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கணவர் மாட்டிய வால்வின் மூடியைச் சுற்றிப் பச்சைத் தண்ணீர் குமிழ்விட்டு, எஞ்சின் உடம்போடு வழிந்து, கீழ்க் குழாயின் நுனிக்குப் போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது.

“இங்கதாங்க கொப்புளிக்குது. நீங்க பேஸ்ட்டு வச்ச எடத்துல.”

“அது மேலேருந்து தெறிச்ச தண்ணி.”

அதற்கு மேல் வானம்தான் இருந்தது.

செல்போன் அடித்தது. “அக்கா, எங்க வர்ற? மாமியார் வூட்டு ஆளுங்க நேரமாவுதுங்கிறாங்க. நீ வராம நான் கையக் காட்ட மாட்டன்,” என்றாள் தமிழினி. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

“வந்துட்டன். மணையில போயி உக்காரு.”

ஆதிநாராயணன் அதற்குள் வெளியே வந்து, வண்டியில் இருந்த தண்ணீர் பாட்டில்களை எல்லாம் எடுத்து ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, வரவேற்புக்கு வாங்கிய பன்னீர் பாட்டிலையும் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறுனதும் ஊத்திப் பாத்தா, எங்க கசியுதுன்னு...”

“அத வையிங்க கீழ.”

வைத்தார். பதினெட்டு வருடத்தில் அந்தக் குரலை அவர் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறார்.

டவுன் பஸ் ஒன்று வந்தது. செல்வநாயகி நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார். கண்டக்டர் இறங்கித் தூக்குகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். “அக்கா, எதுனா வளைகாப்பா?” என்றார். “ஆமாங்க, சீக்கிரம் போவணும்.” செல்வநாயகி படியில் ஏறி நின்று கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் வண்டியப் பாத்துக்கறன்,” என்றார் ஆதிநாராயணன்.

“நல்லாப் பாருங்க.”

பஸ் போய்விட்டது. கரும்புக் காட்டு ஓரத்தில், பட்டு வேட்டியில் கருப்புத் தீற்றலோடு அவர் நின்றார். நான்கைந்து டிராக்டர்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில் அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. தமிழினியின் குரல் காதில் இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. இந்த இனத்தாருக்கும் மனசு உண்டு.

செல்வநாயகி சொல்லியனுப்பி, பெண்ணாடத்திலிருந்து தமிழ்ச்செல்வன் என்ற மெக்கானிக் பைக்கில் வந்து சேர்ந்தார். எஞ்சினை ஒரு பார்வை பார்த்தார். கீழே குனியக்கூட இல்லை.

“இதுக்கு முன்ன யாருங்க இதுல கை வச்சது?”

ஆதிநாராயணன் கரும்புக் காட்டைப் பார்த்தார். “விருத்தாசலத்துல ஒரு மெக்கானிக்கு.”

“மெக்கானிக்கா அவன்? மூடிக்கு அடியில ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கச் சொரண்டாமயே அது மேல புதுச வச்சிருக்கான். ஒக்காருமா அது? ஒழுகுனா ஒழுகட்டும்னு பேஸ்ட்ட அப்பி வுட்டிருக்கான், செவுத்துக்குப் பூசுன மாரி.”

சுரண்ட வேண்டும் என்று வீடியோவில் சொல்லத்தான் செய்தார்கள். அந்த ஆள் ரொம்பப் பேசுகிறான் என்று ஆதிநாராயணன் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தார்.

“இப்பல்லாம் பொறுப்பே இல்லிங்க எவனுக்கும்,” என்றார்.

“ஒரு போல்ட்ட முறுக்கு முறுக்குன்னு முறுக்கி, இன்னொண்ண அப்படியே வுட்டுருக்கான். குடும்பத்தோட போற வண்டின்னு ஒரு நெனப்பு வேணாமா?”

“அரகொற வேல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்.” சொல்லச் சொல்ல அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “அவன எல்லாம் வண்டியத் தொட வுடக் கூடாதுங்க.”

“துணி ஏதாவது இருக்குதுங்களா?” என்று தமிழ்ச்செல்வன் டிக்கியைத் திறந்தார். அங்கே பளபளவென்று ஒரு ஸ்பானர் செட். பக்கத்தில் பாதி பிதுக்கிய சாம்பல் நிறப் பேஸ்ட். அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணியை எடுத்துக்கொண்டு டிக்கியைச் சாத்தினார். அதற்குப் பிறகு அந்த விருத்தாசலத்து மெக்கானிக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முக்கால் மணி நேரத்தில் ஒழுகல் நின்றது.

ஆதிநாராயணன் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பத்து மணி இருபது நிமிடத்துக்கே அக்கா முதல் வளையலைப் போட்டுவிட்டார். இரண்டு கை நிறைய வளையலோடு தமிழினி அவரைப் பார்த்துச் சிரித்து, “மாமா, மொதல்ல சாப்புடுங்க,” என்றாள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் வண்டிக்கு என்ன என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் மூடியில் கசிந்து கீழ் ஓஸில் சொட்டுகிற கூலண்ட்டைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை, அதற்கு எப்படிப்பட்ட கண் வேண்டும் என்று புளிச்சோற்றிலிருந்து பாயசம் வரை விளக்கினார். எதிரில் நின்று பரிமாறிக்கொண்டிருந்த தமிழினியின் கணவர் அன்பரசன் வாளியைக் கீழே வைத்தார்.

“அண்ணே, நம்ம காருலயும் முள்ளு கொஞ்சம் ஏறுற மாரி இருக்குது.”

“மெக்கானிக்குட்ட வுட்டுடாத. ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறன்.”

செல்வநாயகி இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “அன்பரசு, பிரசவத்துக்கு ஆட்டோவுக்கு இப்பவே சொல்லி வச்சிடு.”

சரி, ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்த இனத்தார் கார் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிள்ளை பேசாமல் போனதற்குச் செல்போனையும், கடையில் ஆள் நிற்காததற்குக் காலத்தையும், சங்கம் உடைந்ததற்கு மற்ற பதினோரு பேரையும் வட்டமிட்டுத் தேதி போட்டு வைத்திருப்பவர்களும் இவர்கள்தான். இதைப் படிக்கப் படிக்க உங்களுக்கு ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரோ மைத்துனரோ மேலதிகாரியோ. அவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும்.

தோன்றியதா? அப்படியென்றால் நீங்கள் இன்னும் கீழ் ஓஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.