மொன்றியல் அங்கிள் தோண்டியெடுத்த என் வம்சம்

மெல்போர்னில் ஐந்தே நிமிடத்தில் ஒருவனுடைய பரம்பரைப் பெருமையை ஒன்றுமில்லாமல் ஆக்கக்கூடியவர் மொன்றியல் அங்கிள் ஒருவர்தான். என் பெருமைக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பாதி வாழ்க்கையைக் கனடாவின் மொன்றியலில் கழித்து, அங்கேயே ஒரு பிரெஞ்சுக் கனடியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். அன்ரி காலமானபின் மெல்போர்னின் பொயிண்ட் குக் பகுதியில் மகள் வீட்டுக்கு, அதாவது எங்கள் பக்கத்து வீட்டுக்கு, வந்து சேர்ந்தார். மனைவியின் முன்னோர்களைத் தேடுவதுதான் அவருக்கு முழுநேர வேலை.

குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போன என்னை முதல் நாளே மடக்கினார்.

"தம்பி, உங்கட குடும்பப் பேர் என்ன?"

"செல்வராஜ், அங்கிள்."

"அது அப்பாவின்ர பேரெல்லோ? உங்கட மகளுக்கு என்ன குடும்பப் பேர்?"

"என் பேர். முருகேசன்."

"எங்கட ஆக்களும் உப்பிடித்தான். தலைமுறைக்கு ஒரு குடும்பப் பேர்! பிறகு ஆரை எங்க பிடிக்கிறது?"

அந்தக் காலத்தில் கியூபெக் போன பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களுக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டாம். பூ, கவலையற்றவன், மலையை வெட்டினவன் என்று. குடும்பப் பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஒரு சொல்லைப் போட்டு அதை ஒட்டிவிடுவார்கள். நம் 'என்கிற' மாதிரி. பிள்ளைகளில் ஒருவன் குடும்பப் பெயரை வைத்துக்கொள்வான், இன்னொருவன் பட்டப்பெயரோடு போய்விடுவான். அன்ரியின் குடும்பப் பெயர் லாஃப்ளூர், அதாவது பூ. மேலே போகப்போக ஓரிடத்தில் லாஃப்ளூர்களையே காணோம். பூவுக்கு முன்னால் இருந்த பெயர் என்ன என்பதுதான் அங்கிளின் தீராத கவலை.

"அங்க பொம்பிளையள் கலியாணம் கட்டினாலும் தங்கட பேரிலதான் இருப்பினம். என்ர பேர் வேண்டாமெண்டவள், தன்ர பேரை என்ர தலையில கட்டிப்போட்டுப் போயிட்டாள்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க முன்னோர் தளபதிங்க அங்கிள்" என்றேன்.

"எந்த ராசாவுக்கு?"

"பெரிய ராஜா."

"தளபதியின்ர பேர்?"

அன்று மாலையே திண்டுக்கல்லில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"எதுக்குடா கேக்குற? சொத்து கேஸு எதுவும் வந்துருக்கா?" என்றார் முதலில். பிறகு சிரித்தார். "தளபதியா? உன் முப்பாட்டன் ஆடு மேய்ச்சாருடா. நம்ம வீட்டுக்குப் பேரே ஓட்டவாய் வீடு. அவர்கிட்ட ஒரு ரகசியம் சொன்னா, ஆடு வீடு திரும்புறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும்."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று கெஞ்சிவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அங்கிளிடம் சொன்னேன். அவர் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"இதெல்லோ பேர்! முருகேசன் டி ஓட்டவாய்!"

ஆம்பளைக்கு 'டி' போட்டதைக் கேட்டு என் மனைவி குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். அங்கிளின் வீட்டுச் சொல் எங்கள் சமையலறைக்கும் வந்துவிட்டிருந்தது.

அங்கிள் வாக்கைக் காப்பாற்றினார். ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. நான்தான் பக்கத்து ஊரான வெரிபீயில் நடந்த பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். பின்னால் நின்றவர் கேட்டார், அவருக்கும் சொன்னேன். பாயசம் வருவதற்குள் மைக்கில் அறிவிப்பு வந்தது: "ஓட்டவாய் அண்ணன் வழியில நிறுத்தின காரை எடுக்கவும்."

"முப்பாட்டன் பேரைக் காப்பாத்திட்டீங்க" என்றாள் மனைவி.

போன மாதம் அங்கிள் கியூபெக் புறப்பட்டுப் போனார். நேற்று ஏதோ ஒரு கிராமத்துத் தேவாலய வாசலிலிருந்து போன் செய்தார்.

"தம்பி, பிடிச்சிட்டன்! பூவுக்கு முன்னால இருந்த பேர் புவாவேர். பச்சைக்காடு எண்டு அர்த்தம். ஊர் முழுக்க அவளின்ர சொந்தம்தான். இண்டைக்கு மத்தியானம் மட்டும் மூண்டு வீட்டில சாப்பாடு!" குரல் கொஞ்சம் இறங்கியது. "அவளுக்குத்தான் சொல்லேலாமல் போச்சுது."

"எப்ப திரும்பி வர்றீங்க?" என்று கேட்டேன்.

"ஏன் தம்பி, ஏதும் அலுவலோ?"

"அலுவல் ஒண்ணும் இல்ல அங்கிள்" என்றேன். உண்மைதான். அலுவல் ஒன்றும் இல்லாமலே நான் தேடுகிற ஆள் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.