நிலை: நன்றாக இயங்குகிறது

குமாஸ்தா ஆடி ஓய்ந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். அறையின் நடுவே அவரே இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

அதே வழுக்கை, அதே கோடு போட்ட சட்டை. கண்கள் மட்டும் மூடியிருந்தன. முகத்தில் குமாஸ்தா தன் ஆயுளில் சிரித்திராத ஒரு சிரிப்பு.

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்களை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் அறை அது. யாரோ விட்டுப்போன ரேடியோ ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. போட்டார். ஏதோ தாளம் வந்தது. இருபத்தாறு வருஷமாக மணியடித்தால் மட்டுமே எழுந்த மனிதர் எழுந்தார். அப்புறம் நடந்தது அவருக்கே தெரியாது.

ரேடியோவை அணைத்தார். நடுவில் இருந்தவர் இன்னும் நன்றாக ஆடினார்.

"போதும்யா. யாராவது பார்த்தா என் மானம் போயிடும்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. இவர் கைதான் சில்லிட்டிருந்தது.

வேறு வழி தெரியாமல் பதிவேட்டை எடுத்தார். உரியவர் இல்லாமல் எது கிடந்தாலும் பதிந்தாக வேண்டுமே. 'எண் 418. ஆண், ஒன்று. வழுக்கை உண்டு. நிலை: நன்றாக இயங்குகிறது.' மணிக்கட்டில் சீட்டைக் கட்டி, உள்ளே பூட்டிவிட்டு, சாவியை மாலை ஷிப்டுக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

கதவைத் திறந்த மனைவி அவரைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"அவர் இன்னும் வரலைங்களே. நீங்க யாரு?"

"நான்தான்டி. விளையாடாதே."

அவள் உற்றுப் பார்த்தாள். "சட்டை அவரோடதுதான். ஆளைத்தான் காணோம்."

"ஆளு ஆபீஸ்ல இருக்கு. ஆடிக்கிட்டிருக்கு" என்று குமாஸ்தா உளறிவிட்டார்.

"அவரா? ஆடறாரா?"

கல்யாணமான நாள் முதலாக அவர் பார்த்திராத வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது. செருப்புகூட மாட்டாமல் ஓடினாள். பின்னால் ஓடிய குமாஸ்தாவால் அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை. எதிரே வந்தவர்கள் யாரும் அவருக்காக ஒதுங்கவும் இல்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது அறை திறந்திருந்தது. மாலை ஷிப்டுப் பெண் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

"இங்கே ஆடிக்கிட்டிருந்த ஆளு எங்கேம்மா? அது நான்."

"நம்ம சாரா? அவர் சம்சாரம் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் ஆடிக்கிட்டே போனாங்க."

"அப்ப நான்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குரலில் நிஜமான இரக்கம் இருந்தது.

"நீங்க ஏன் அலமாரியை விட்டு இறங்குனீங்க? உங்களைக் கேட்டு இன்னும் யாரும் வரலையே."